பாதை குறைந்தது, பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்ந்தது? தெலுக் பிளாங்கா மேட்டில் ஒரு பக்கியோடு மூன்று மாதம்

தெலுக் பிளாங்கா பக்கம் மேட்டுச் சரிவில் ஒரு தனியார் வளாகம். கீழே வாசலும் கார் நிறுத்துமிடமும், மேலே விருந்து மண்டபம். கல்யாண வரவேற்பு, பிறந்தநாள், கம்பெனி விருந்து என்று வாரம் முழுக்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். நடந்து ஏற முடியாத பெரியவர்களையும் சமையல் ஆட்களின் அண்டா குண்டாக்களையும் ஏற்றிப் போக மூன்று பக்கிகள் உண்டு. கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற அதே மின்வண்டிதான். சிங்கப்பூரில் நமக்கு அது பக்கி. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

தீபாவளி முடிந்த கையோடு, தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்காக மேலே போகும் சாலையைத் தோண்டிவிட்டார்கள். பழைய சாலை வளைந்து வளைந்து 620 மீட்டர் போகும். அதற்குப் பதிலாக வாசலுக்குப் பின்னால் உள்ள புல்வெளியைக் கடந்து, மண்டபத்தின் பின்பக்கம் சாமான் ஏற்றும் சிமெண்ட் சரிவு வழியாக ஏறச் சொன்னார்கள். புல்வெளி 150 மீட்டர், சரிவு 230 மீட்டர். மொத்தம் 380 மீட்டர்தான்.

இரண்டு வாரத்தில் புகார் வந்துவிட்டது. மூன்றாம் நம்பர் பக்கி முன்பு முழு சார்ஜில் 22 நடை போகும். இப்போது 12-வது நடையில் சரிவின் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. ஓட்டுகிற அண்ணன் மன்னார்குடிக்காரர், பதினைந்து வருடமாக இங்கே இருக்கிறார். அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏன் தம்பி, பாதை பாதியாக் குறைஞ்சிருக்கு. பேட்டரி மட்டும் எப்படி சீக்கிரம் காலியாகுது?"

மேலதிகாரிக்கு அதில் கேள்வியே இல்லை. பேட்டரி போய்விட்டது, ஒரு செட் மாற்று என்றார். ஆறு பேட்டரிக்கு விலைச்சீட்டு வாங்கவும் சொல்லிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அண்ணனின் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் புது பேட்டரி போட்டால், ஒரு வருடம் கழித்து அதையும் தூக்கி எறிய வேண்டி வரும்.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. 48 வோல்ட். ஒவ்வொன்றும் 8 வோல்ட் கொண்ட ஆறு ஈய-அமில பேட்டரிகள், மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் வகை, ஒன்று 29 கிலோ. பழைய சீரீஸ் மோட்டார். இறக்கத்தில் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வசதி அதில் கிடையாது. வண்டி மட்டும் 470 கிலோ. ஓட்டுநரும் இரண்டு பயணிகளும் ஏறினால் 680.

முதலில் பேட்டரியைத்தான் பார்த்தேன், சந்தேகம் அதன் மேல் இருந்ததால். இருக்கைக்குக் கீழே உள்ள சுவிட்சை 'ஓட்டம்' என்ற நிலையிலிருந்து 'இழுவை' என்ற நிலைக்கு மாற்றி, மோதிரம் கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பேனர் கைப்பிடிக்கு டேப் சுற்றிய பிறகுதான் கை வைத்தேன். அந்தப் பெட்டிக்குள் ஸ்பேனர் ஒன்று குறுக்கே விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு முறை பார்த்தவன் நான். முழு சார்ஜ் ஏற்றி இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் அளந்தால் மொத்தம் 50.6 வோல்ட். 50.9 இருந்தால் நிறைந்த பேட்டரி. அதனால் குறை சொல்ல முடியாது. அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் குழாயான ஹைட்ரோமீட்டரை எடுத்து 24 அறைகளையும் ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்தேன். நம் ஊர் வெயிலில் அமிலம் 32 டிகிரியில் இருந்தது. அதற்காகக் கிடைத்த எண்ணோடு 0.004 கூட்டிக்கொள்ள வேண்டும். 23 அறைகளில் 1.255-க்கும் 1.270-க்கும் இடையில் நின்றது. நான்காவது பேட்டரியின் ஓர் அறையில் மட்டும் மிதவை தரைதட்டியது போல் 1.190. அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

பிறகு தெரிந்த பட்டறையில் டிஸ்சார்ஜ் கருவி இரவல் வாங்கி வந்து, 56 ஆம்பியரில் விடாமல் காலி செய்தேன். மொத்த வோல்ட் 42-க்கு இறங்கியதும் நிறுத்த வேண்டும். இந்த அளவு பேட்டரி புதிதாக இருந்தால் 117 நிமிடம் தாங்கும். எனக்குக் கிடைத்தது 71 நிமிடம், அதாவது 66 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-மணி). புதியதில் அறுபது சதவீதம் சொச்சம்.

மேலதிகாரி சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்புறம் பராமரிப்பு நோட்டைப் புரட்டினால், செப்டம்பரில் இதே வண்டிக்கு இதே சோதனையில் 73 நிமிடம் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. செப்டம்பரில் 73 நிமிட பேட்டரியோடு 22 நடை போனது. நவம்பரில் 71 நிமிட பேட்டரியோடு 12 நடை. இரண்டு நிமிடக் குறைவு பத்து நடையைத் தின்னாது. கிழட்டு பேட்டரிதான், ஆனால் இந்தக் குற்றத்தை அது செய்யவில்லை.

இனி அளக்க வேண்டியது பாதையை.

சிம் லிம் டவரில் 65 வெள்ளிக்கு ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கினேன், கம்பியை வெட்டாமல் அதைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரைக் காட்டும் கருவி. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: மலிவான கிளாம்ப் பல வீட்டு மின்சாரத்தை மட்டும்தான் அளக்கும், பேட்டரியின் நேர்மின்னோட்டத்தைக் காட்டாது. நேர்மின்னோட்டம் அளப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கம்பியில் மாட்டுவதற்கு முன் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். கிளாம்ப் அந்தந்த நொடியின் ஆம்பியரைத்தான் சொல்லும். ஒரு நடைக்கு மொத்தம் எவ்வளவு போனது என்று தெரிய, மைனஸ் கம்பியில் ஷண்ட் என்கிற சின்ன அளவுத் தடை ஒன்றைப் போட்டு ஆம்பியர்-மணி கூட்டிக் காட்டும் சின்ன மீட்டரையும் மாட்டினேன். இந்தப் பதிவில் ஒரு நடைக்கு ஆன செலவாகச் சொல்லும் ஆம்பியர்-மணி எண்களெல்லாம் அந்தக் கட்டைவிரல் அளவு திரையில் இருந்து வந்தவை.

உயரம் தெரிய என் கைபேசியில் உள்ள காற்றழுத்தமானியைப் பயன்படுத்தினேன். வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு மண்டப வாசலில் பார்த்தால் 3.3 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 8.8 மீட்டர். ஆக ஏற்றம் 29 மீட்டர். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நிலநடுக்கோட்டுப் பக்கத்து ஊர்களில் காற்றழுத்தம் தினமும் கடல் அலை மாதிரி ஏறி இறங்கும். காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நான்கு மணிவாக்கில் பள்ளம். காலையில் கீழே அளந்துவிட்டு மாலையில் மேலே அளந்தால், அந்த வித்தியாசமே ஓர் எட்டு மாடி உயரத்தைப் பொய்யாகக் காட்டிவிடும். நான் ஏறின சூட்டோடு இறங்கி, மறுபடி ஏறி, சராசரி எடுத்தேன்.

சிங்கப்பூர் தட்டையான ஊர் என்று எல்லோரும் சொல்வார்கள். மிக உயரமான புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான். ஆனால் 680 கிலோ வண்டிக்கு 29 மீட்டர் சும்மா இல்லை. ஒரு மீட்டர் தூக்க இரண்டு வாட்-மணிக்குச் சற்றுக் குறைவு, 29 மீட்டருக்கு 54 வாட்-மணி. இது பூமிக்குக் கட்டியே ஆக வேண்டிய வரி. வளைந்து போனாலும் நேரே ஏறினாலும் இதில் ஒரு வாட்-மணி குறையாது. மோட்டாரிலும் கம்பியிலும் வீணாவது இதற்கு மேல்.

சரி, இரண்டு பாதைக்கும் வரி ஒன்றுதான். பிறகு எங்கே ஓட்டை?

ஞாயிற்றுக்கிழமை குழாய் வேலை இல்லை. குழிகளின் மேல் இரும்புத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். குத்தகைக்காரரின் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, இரண்டு பயணிகளுக்குப் பதிலாக ஏழு தண்ணீர் டின்னை (ஒன்று இருபது லிட்டர்) இருக்கையில் கட்டி, நான் ஓட்ட, பழைய சாலையில் மூன்று தடவை ஏறி இறங்கினேன். மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஏறியது. கிளாம்ப் 50, 52, 53 என்று அசையாமல் நின்றது. ஒரு நடைக்கு 2.4 ஆம்பியர்-மணி. இறங்கும்போது கிட்டத்தட்ட ஒன்றும் செலவில்லை.

அதே டின்களோடு புதுப் பாதைக்கு வந்தேன். முந்தின இரவு பெய்த மழை. வடகிழக்குப் பருவமழை என்பதால் மாதம் முழுக்க அப்படித்தான். புல்லில் முன்சக்கரம் இறங்கியதுமே கிளாம்ப் 57-ஐக் காட்டியது. சமதளம்! கண்ணுக்கு ஏற்றமே இல்லை. பழைய சாலையின் ஏற்றத்தில் ஓடியதை விட அதிக ஆம்பியர், வேகமோ அதைவிடக் குறைவு. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். இங்கே எங்கும் போடுகிற அகல இலைப் புல், கௌ கிராஸ் என்பார்கள், பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். அதன் கீழே களிமண். சக்கரம் போன தடத்தில் இரண்டு விரல் ஆழத்துக்குப் பள்ளம், அதில் தண்ணீர் ஊறி நிற்கிறது. சக்கரத்துக்கு முன்னால் புல்லும் மண்ணும் சேர்ந்து ஒரு சின்ன வரப்பு மாதிரி புடைத்திருந்தது.

அந்த வரப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. வண்டி சமதளத்தில் ஓடவில்லை. தனக்கு முன்னால் தானே உண்டாக்குகிற ஒரு மேட்டில், 150 மீட்டரும் ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்த மேட்டுக்கு உச்சி கிடையாது, இறக்கமும் கிடையாது. நிஜ மேட்டில் ஏறினால் திரும்பி வரும்போது சும்மா உருண்டு இறங்கலாம். புல்லில் போகவும் கட்ட வேண்டும், வரவும் கட்ட வேண்டும். போகும்போது 0.8 ஆம்பியர்-மணி, வரும்போது 0.8. பழைய சாலையில் ஒரு நடைக்கு ஆன செலவில் மூன்றில் இரண்டு பங்கு, வெறும் 300 மீட்டர் ஈரப் புல்லுக்கே போய்விட்டது.

மூன்று நாள் மழை இல்லாமல் காய்ந்த பிறகு திரும்பவும் அளந்தேன். ஒரு பக்கத்துக்கு 0.5. அதே புல், அதே வண்டி.

அடுத்தது சரிவு. 230 மீட்டரில் 29 மீட்டர், நூற்றுக்குப் பன்னிரண்டரைக்கும் மேல். வேகம் மணிக்கு 9 கிலோமீட்டராக விழுந்தது, கிளாம்ப் 91. முழுச் சரிவும் ஏற ஒன்றரை நிமிடம், செலவு 2.3. பழைய சாலையில் ஏறுவதற்கும் இதே 2.3 தான் ஆனது, ஆனால் அதில் 620 மீட்டர் தூரமும் அடங்கியிருந்தது. பாதை மூன்றில் ஒரு பங்கைச் சற்று மிஞ்சும் அளவுக்குக் குறைந்தும் செலவு துளிகூடக் குறையவில்லை. காரணம் சூடு. கம்பியிலும் கார்பன் பிரஷ்ஷிலும் உண்டாகிற சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். 52 என்பது 91 ஆனால் சூடு மூன்று மடங்கு. ஏறுகிற நேரம் குறைவு என்பதைக் கழித்தாலும், ஓர் ஏற்றத்துக்கு 1.8 மடங்கு வீண்.

புல் 0.8, சரிவு 2.3, திரும்பும் புல் 0.8. கூட்டினால் 3.9. பழைய பாதையில் 2.4.

இத்தோடு கணக்கு முடியவில்லை. அதிக ஆம்பியர் இழுத்தால் ஈய பேட்டரியின் கொள்ளளவே சுருங்கும். 1897-இல் பியூகெர்ட் என்ற ஜெர்மானியர் இதற்கு ஒரு சூத்திரம் எழுதி வைத்தார். நம் பேட்டரியின் மேல் 170 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பது இருபது மணி நேரம் மெதுவாகக் காலி செய்தால் கிடைப்பது. 56 ஆம்பியரில் இழுத்தால் புது பேட்டரியே 109 தான் தரும். 91-இல் நூற்றுக்கும் கீழே. தட்டின் மேற்பரப்பில் உள்ள அமிலம் தீர்ந்துபோகும், உள்ளே இருக்கிற அமிலம் வந்து சேர நேரம் கிடைக்காது. நிறுத்தி வைத்தால் மெல்ல வந்து சேரும். அண்ணன் இதை என்னிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தார்: "பத்து நிமிஷம் நிழல்ல நிறுத்திட்டு எடுத்தா, ஒரு நடை கூடப் போகுது தம்பி." அப்போது நான் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். அவர் சொன்னதற்கும் பியூகெர்ட் சூத்திரத்துக்கும் காரணம் ஒன்றுதான்.

ஐந்தில் ஒரு பங்கை அடியில் விட்டுவைத்தால், 66-இல் செலவழிக்கக்கூடியது 53. பழைய சாலையில் 53-ஐ 2.4-ஆல் வகுத்தால் 22 நடை. அண்ணன் சொன்ன அதே எண். புதுப் பாதையில், சுருங்கிப்போன 48-ஐ 3.9-ஆல் வகுத்தால் 12. காகிதத்தில் இந்த இரண்டு எண்களும் வந்து உட்கார்ந்தபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது. காவலாளி அறையில் இருந்த அண்ணனிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்துவிட்டு, "அப்போ என் மேல தப்பு இல்லைன்னு மேல சொல்லிடு" என்றார். ஓட்டுகிற விதம் சரியில்லை என்று அவர் மேல் பேச்சு வந்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது. அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காரணம் தெரிந்தாயிற்று, சாலை திறக்க பிப்ரவரி ஆகும். அதுவரை என்ன செய்யலாம்?

டயரில் காற்று பார்த்தேன். 22 பி.எஸ்.ஐ. வரை தாங்கும் டயரில் 11, 12, 11, ஒன்றில் 9. சிமெண்ட் சரிவுக்கு இது நஷ்டம்தான். 20-க்கு ஏற்றியதும் சரிவில் 0.1 மிச்சமானது. ஆனால் ஈரப் புல்லில் 0.8 இருந்தது 0.9 ஆகிவிட்டது! காற்று இறுகிய டயர் கத்தி மாதிரி மண்ணில் இறங்குகிறது, தளர்ந்த டயர் பாதம் மாதிரி பரவி நிற்கிறது. புல்லில் போய்வருவதற்குச் சேர்த்து 0.2 நஷ்டம், சரிவில் 0.1 லாபம். அதனால் தற்காலிகமாக 16-இல் வைத்தேன். டயரில் எப்போதும் நிறையக் காற்று இருப்பதுதான் நல்லது என்று நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கெட்டித் தரையில் மட்டும் அது உண்மை.

அடுத்தது பிரேக். சரிவில் இறங்கினால் எல்லா டிரம்மும் சுடும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் காலையில் முதல் ஏற்றம் முடிந்த உடனே, இறங்குவதற்கு முன்னால் தொட்டுப் பார்த்தேன். வலது பின் டிரம் வெதுவெதுப்பு. இடது பின் டிரம்மில் உள்ளங்கையை வைத்திருக்க முடியவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, கையால் சுற்றிவிட்டேன். வலது சக்கரம் மூன்று சுற்று சுற்றியது. இடது சக்கரம் அரைச் சுற்றில் 'கர்ர்' என்று நின்றது. டிரம்மைக் கழற்றினால் உள்ளே புல்வெளிச் சேறு காய்ந்து அப்பியிருந்தது, பிரேக் கேபிளும் உறைக்குள் துருப்பிடித்து முழுதாகத் திரும்பவில்லை. ஷூவைச் சுத்தம் செய்து, கேபிளை மாற்றி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுற்றும் வரை சரிசெய்தேன். இந்தச் சேறு பழைய சாலையில் வந்திருக்காது. தரை மாறினால் வண்டிக்குள்ளும் மாறுகிறது.

பேட்டரி இணைப்புகளில் ஒன்றில் பச்சை பூத்திருந்தது. ஏறும்போது அந்த ஓர் இணைப்பின் குறுக்கே அளந்தால் 0.4 வோல்ட் விழுகிறது. 91 ஆம்பியரில் அது 36 வாட், ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அங்கே எரிந்துகொண்டிருப்பது மாதிரி. நிறுத்தி வைத்து அளந்தால் அந்த 0.4 தெரியவே தெரியாது. சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, கம்பி முனையில் இருக்கும் லக் என்ற உலோக வளையத்தை மாற்றி, அளவாக முறுக்கினேன்.

இப்போது அந்த நான்காவது பேட்டரி. மற்ற ஐந்தும் சரிவில் 7.3 வோல்ட்டில் நிற்க, இது மட்டும் 5.9-க்கு விழுந்தது. சாயங்காலம், கடைசி நடைகளில், 4-க்குக் கீழே போனது. சரிவின் பாதியில் மூச்சு வாங்கியது இதனால்தான். 52 ஆம்பியர் பாதையில் இது தன் நோயை மறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. ஐந்து கிழத்தோடு ஒரே ஒரு புதிய பேட்டரியைச் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழையவை சார்ஜ் வாங்குகிற விதம் வேறு, புதியது சீக்கிரமே அவற்றின் கதிக்கு வந்துவிடும். கழித்துப் போட்ட ஒரு பக்கியில் இதே வயது பேட்டரிகள் இருந்தன. ஒவ்வொன்றாக ஹைட்ரோமீட்டர் வைத்து, 1.260-இல் நான்கு அறையும் ஒத்துப்போன ஒன்றை எடுத்து மாட்டினேன்.

இதெல்லாம் முடிந்து அளந்தபோது 3.9 என்பது 3.5 ஆகியிருந்தது. எட்டு நாள் வேலைக்கு 0.4. மனசு கொஞ்சம் சோர்ந்துதான் போனது. மீதி முழுக்க அந்தப் புல்லில் கிடக்கிறது என்று தெரிந்தது.

புல்வெளியின் மேல் ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டும் பிளாஸ்டிக் தரைப்பலகைகளை வாடகைக்கு எடுக்கலாம் என்று எழுதிக் கேட்டேன். வெளியரங்க நிகழ்ச்சிகளில் கூடாரத்துக்கு அடியில் விரிப்பார்களே, அவை. ஒரு செட் பேட்டரியின் விலையில் மூன்று மாத வாடகை அடங்கிவிடும், பேட்டரியும் பிழைக்கும் என்று எண்களோடு காட்டியதால் மேலதிகாரி ஒத்துக்கொண்டார். தோட்டக்கார அக்காவுக்குத்தான் விருப்பமே இல்லை. அடியில் புல் செத்துவிடும் என்றார். இரண்டு சக்கரத் தடத்துக்கு மட்டும், இரண்டு வரிசையாக, நடுவில் புல்லுக்கு இடம் விட்டுப் போடுகிறோம் என்றதும் சரி என்றார்.

பலகை விழுந்த அன்று நல்ல மழை. கிளாம்ப் புல்வெளியில் 24 காட்டியது, 57 காட்டிய அதே இடத்தில். ஒரு பக்கத்துக்கு 0.3. டயரை 20-க்கு ஏற்றினேன். மொத்தம் 2.7. அன்றைக்கு பக்கி 19 நடை போய்விட்டு, சார்ஜருக்குத் தானாகவே ஓடி வந்தது.

பயணிகள் எண்ணிக்கை பற்றியும் ஒரு விவாதம் நடந்தது. ஒரு நடைக்கு ஒருவரை மட்டும் ஏற்று, பேட்டரி தாங்கும் என்று மேலே இருந்து சொன்னார்கள். எனக்கு அது தவறாகப் பட்டது. இன்னும் ஒருவர் கூடுதலாக ஏறினால் சரிவுக்கு 0.2 கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு நடையும் 470 கிலோ வண்டி தன்னைத் தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும். இருவரை இரண்டு நடையாக ஏற்றுவது ஒரே நடையில் ஏற்றுவதைவிட மிகக் கூடுதல் செலவு. நான்கு பேர் நிரம்பினால் ஆம்பியர் நூறைத் தாண்டுகிறது, அது பேட்டரிக்கு நல்லதில்லை. ஓட்டுநரோடு மூன்று பேர் என்று முடிவானது. கூட்ட நாளில் மதியம் இரண்டு மணி நேரம் சார்ஜில் போடுவது, சரிவில் ஏறி வந்ததும் சில நிமிடம் நிழலில் விடுவது, இரண்டும் அண்ணனே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்.

இன்னொரு பக்கியில் ஏசி மோட்டார், இறக்கத்தில் மின்சாரம் திரும்பும். அதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள் என்பதால் அதையும் அளந்தேன். சரிவில் இறங்கும்போது கிளாம்ப் மைனஸ் 17, 18 காட்டியது. கீழே வந்து சேரும்போது 0.4 ஆம்பியர்-மணி திரும்பியிருந்தது. ஏற 2.2 செலவழித்து இறங்க 0.4 வாங்குவது. ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்லதுதான், பிரேக் ஷூவும் தேயாது. ஆனால் ஏறியதெல்லாம் இறங்கும்போது வந்துவிடும் என்று விற்கிறவர் சொன்னால் நம்ப வேண்டாம். காலையில் முழு சார்ஜோடு மேலே இருந்து இறங்கினால் அதுவும் சரியாக வராது. நிறைந்த பேட்டரியில் ஊற்ற இடமில்லை, வோல்ட்தான் எகிறும்.

லித்தியத்துக்கு மாறலாமா என்ற பேச்சும் நடக்கிறது. என் வாக்கு அதற்குத்தான். ஆறு ஈய பேட்டரி 174 கிலோ. அதே வேலைக்கு லித்தியம் ஐம்பது கிலோவுக்குள் அடங்கும். 120 கிலோவை ஒவ்வொரு நடையும் 29 மீட்டர் தூக்காமல் இருக்கலாம், 91 ஆம்பியர் இழுத்தாலும் கொள்ளளவு பெரிதாகச் சுருங்காது. சமதளத்தில் ஓடுகிற வண்டியென்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் சாலையைத் திறந்தார்கள். புதுத் தார், பிரேக் சரி, லக் சரி, டயரில் 20. பழைய டின்களைக் கட்டிக்கொண்டு மூன்று தடவை ஏறி இறங்கினேன். ஒரு நடைக்கு 2.2. அண்ணன் அன்றைக்கு 24 நடை ஓட்டிவிட்டு, காவலாளி அறைப் பலகையில் சாக்கட்டியால் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். பலகைகளை எடுத்த இடத்தில் புல் வெளுத்து இரண்டு கோடாகக் கிடக்கிறது. தோட்டக்கார அக்கா காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.